ஆறு நாளில் பழகிய மிட்

போன ஞாயிற்றுக்கிழமை, நம் சாஃப்ட்பால் அணியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒரு பெண், பந்து பிடிக்கும் என் தோல் மிட்டை எடுத்துக் கையில் மாட்டிப் பார்த்தாள். விரல்களை மடக்கினாள். அது எந்த மறுப்பும் சொல்லாமல் மடங்கிக்கொண்டது. அவள் ஆச்சரியத்தோடு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, இது புதுசுன்னு சொன்னாங்க. என்னோடது வாங்கி நாலு மாசமாச்சு, இன்னும் பலகை மாதிரி இருக்கு. இது எப்படிக்கா இவ்ளோ சீக்கிரம் சாஃப்டாச்சு?"

சாதாரணக் கேள்விதான். அவள் கையிலிருந்து மிட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டு, தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டு, கார் நிறுத்தியிருந்த இடத்துக்கு நடந்தேன். காருக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்தியதும் அந்த வாசனை எழுந்தது. தோலுக்குப் போடும் எண்ணெயும் கிராம்பு எண்ணெயும் கலந்த வாசனை. உன் கை வாசனை.

நீ போய் ஒன்பது வாரம் ஆகிறது. எனக்கு அது இன்னும் நடந்து முடிந்த ஒன்றாகத் தெரியவில்லை. இப்போதும் என் கண் முன்னால்தான் நடந்துகொண்டிருக்கிறது.

அந்தப் பெண்ணுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்: ஆறு நாளில் பழக்கினோம். ஏழாவது நாள் நீ இல்லை.

நம் ஆட்டம் தெரியாத என் அலுவலகத்துப் பெண்கள், "அப்படி என்ன ஆட்டம் அது?" என்று கேட்கும்போதெல்லாம் நான் ஒரே மாதிரிதான் விளக்குவேன். சாஃப்ட்பாலில் பந்து வீசுகிறவள் பிட்சர். அவளுக்கு எதிரே, மட்டை பிடிப்பவளின் பின்னால் குந்தி உட்கார்ந்து அந்தப் பந்தைப் பிடிப்பவள் கேட்சர். மற்றவர்களின் கையுறைக்கு ஐந்து விரல் இருக்கும். கேட்சரின் மிட்டுக்கு விரலே கிடையாது, வட்டமான தடித்த தோல் மெத்தை அது. இவ்வளவையும் சொல்லிவிட்டு, "நான் இருபத்தேழு வருஷமாக ஒரே ஆளுடைய பந்தைப் பிடிக்கிறேன்" என்று முடிப்பேன். அவர்கள் சிரிப்பார்கள். எனக்கு அதில் பெருமை.

கிள்ளானில் நாம் படித்த பெண்கள் பள்ளியில், படிவம் இரண்டில், பதினாலு வயதில், நீ வீசும் பந்தைப் பிடிக்க யாரும் முன்வரவில்லை. மணிக்கட்டு வீங்குகிறது என்று மூன்று பேர் ஓடிவிட்டார்கள். எனக்கு வேகமாக ஓட வராது என்பதால் டீச்சர் என்னை அங்கே உட்கார வைத்தார். முதல் பந்து என் மார்புக் கவசத்தில் அடித்து நான் மல்லாந்து விழுந்தேன். நீ ஓடிவந்து குனிந்து பார்த்தாய். வலிக்கிறதா என்று கேட்பாய் என்று நினைத்தேன். "கண்ண மூடாதலா," என்றாய், நம் மலேசிய 'லா'வை விடாமல். "கண்ண மூடுனா எப்படிப் புடிப்பே?"

அதற்குப் பிறகு நான் கண்ணை மூடியதில்லை. அந்த ஒரு நாளைத் தவிர. அன்றும் மூடவில்லை, வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

பள்ளி முடிந்தது. நீ பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் கிளினிக்கில் உதவியாளராகச் சேர்ந்தாய். நான் துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் உட்கார்ந்தேன். நீ ஸ்டீபனைக் கட்டிக்கொண்டு காப்பாருக்குப் போனாய். ஷெரின் பிறந்தாள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அம்மாவைப் பார்த்துக்கொண்டு கிள்ளானிலேயே இருந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாறவில்லை. பழைய மாணவிகள் அணி என்று பெயர் வைத்துக்கொண்டு, முழங்காலில் கட்டுப்போட்ட பத்துப் பன்னிரண்டு பெண்கள், ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தலோடு ஏதாவது ஒரு திடலில் கூடிக்கொண்டே இருந்தோம்.

இந்த வருடப் போட்டியோடு நிறுத்திக்கொள்ளப் போவதாக நீ முன்பே சொல்லியிருந்தாய். தோள் ஒத்துழைக்கவில்லை, ஷெரினுக்குப் படிவம் ஐந்து பரீட்சை, ஸ்டீபனுக்கு வேலை நேரம் மாறிக்கொண்டே இருக்கிறது. "ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அந்த ஷா ஆலாம் பொண்ணுங்கள அடிச்சிட்டு நிறுத்திடறேன்," என்றாய். எட்டு வருடமாக அவர்களிடம்தான் தோற்றுக்கொண்டிருந்தோம்.

போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பெருமழையில் என் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. ஸ்டோர் அறையில் தரையில் இருந்த பையை யாரும் கவனிக்கவில்லை. மூன்று நாள் சேற்றுத் தண்ணீரில் ஊறிக் கிடந்த பழைய மிட், வெயிலில் காயவைத்ததும் விறைத்து, வார்கள் ஒவ்வொன்றாக அறுந்தன. இணையத்தில் புதியதற்குச் சொல்லிவைத்தேன். அது வந்து சேர்ந்தது போட்டிக்கு முந்தைய திங்கட்கிழமை.

பெட்டியைப் பிரிக்காமலே காப்பாருக்கு எடுத்து வந்தேன், ஞாபகம் இருக்கிறதா? உன் சமையலறை மேசையில் வைத்துக் கத்தியால் கிழித்தாய். உள்ளே இருந்ததைப் பார்த்ததும் எனக்குத் தெம்பே போய்விட்டது. கையை விட்டு முழு பலத்தோடு மடக்கினேன். ஓரங்கள் கொஞ்சமும் நெருங்கவில்லை. நீ ஒரு பந்தை அதற்குள் போட்டாய். துள்ளி வெளியே விழுந்து அடுப்புக்கு அடியில் உருண்டு போனது.

"செத்தோம்," என்றேன். "இது ஞாயித்துக்கிழமைக்குள்ள ஆகாது. பந்து புடிச்சுப் புடிச்சுத்தான் பழகணும். பழசு பழகறதுக்கு எத்தன மாசம் ஆச்சு? யார்கிட்டயாவது இரவல் கேக்கறேன்."

"இரவல் மிட்டுக்கெல்லாம் நான் பந்து போட மாட்டேன்," என்றாய். "இன்னைக்குத் திங்கள். இன்னும் ஆறு நாள் இருக்குலா. ஆறு நாள்ல கடவுள் ஒலகத்தையே படைச்சாராம். நம்ம ரெண்டு பேரால ஒரு மிட்டு பழக்க முடியாதா?"

நீ எதற்கும் காத்திருக்கத் தெரியாதவள். மைக்ரோவேவில் வைக்கலாம் என்றாய். தோல் வெந்து வெடித்துவிடும் என்று தடுத்தேன். கார் சக்கரத்துக்கு அடியில் வைத்து ஏற்றலாம் என்றாய். வடிவம் கெட்டு அப்பளமாகிவிடும் என்றேன். கடைசியில் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் எடுத்து, பந்து வந்து உட்காரும் நடுக்குழியிலும், கட்டைவிரல் பக்கமும் சுண்டுவிரல் பக்கமும் மடங்கவேண்டிய இரண்டு இடத்திலும் மெல்ல ஊற்றினோம். பிறகு சம்பல் இடிக்கும் கல்லின் குழவியைத் துண்டில் சுற்றி நீ அந்தக் குழியில் குத்த ஆரம்பித்தாய். மேசை அதிர்ந்தது. வேலை முடிந்து சீருடையோடு உள்ளே வந்த ஸ்டீபன் எட்டிப் பார்த்தார்.

"என்ன, ஆட்டுக்காலா? எத்தன விசில் வைக்கணும்?"

நீ சிரித்தாய். சிரித்துக்கொண்டே குழவியைக் கீழே வைத்தாய். இடது தாடையைக் கையால் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாய்.

"என்னடி?"

"கடவாப் பல்லு. ரெண்டு வாரமா இப்படித்தான். வருது, போவுது."

கிளினிக்கிலிருந்து கொண்டுவந்த சின்னக் குப்பியைத் திறந்து, பஞ்சில் கிராம்பு எண்ணெய் தொட்டுப் பல்லில் வைத்துக்கொண்டாய். அதே விரலோடு தோல் எண்ணெயை எடுத்து மிட்டில் தேய்த்தாய். இருபது வருடத்துக்கு மேல் பல் டாக்டரிடம் வேலை செய்கிறவள் பல் வலி என்று சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்? நான் படவில்லை.

செவ்வாயும் புதனும், நீ கொமுட்டர் ரயிலில் கிள்ளானில் இறங்கியதும் நான் வந்து ஏற்றிக்கொண்டேன். பாண்டமாரான் பக்கம் அந்தச் சின்னத் திடலில், வெளிச்சம் இருக்கும்வரை. ஒரு நாளைக்கு நூறு பந்து என்று நீதான் கணக்கு வைத்தாய். செவ்வாய்க்கிழமை பாதிப் பந்து மிட்டில் தங்கவில்லை. உள்ளங்கை சிவந்து, சோறு பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டேன். புதன்கிழமை அறுபது பந்து வீசியதும் நீ புல்லில் உட்கார்ந்துவிட்டாய். காற்று அடித்துக்கொண்டிருந்தது, மழை வரும்போல இருந்தது, உன் முகம் மட்டும் தலையில் தண்ணீர் ஊற்றியதுபோல வேர்த்திருந்தது.

"வயசாச்சுலா," என்றாய்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? உனக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்காது. "இன்னும் நாப்பது இருக்கு," என்றேன்.

நீ எழுந்து நாற்பதும் வீசினாய்.

வியாழக்கிழமை அலுவலகக் காகிதங்களோடு எனக்குக் கோலாலம்பூரில் வேலை இருந்தது. மதியம் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தேன். உன் கிளினிக்குக் கீழே, கடை வரிசையின் நடைபாதையில் செருப்பு தைக்கிறவரிடம் மிட்டைக் கொடுத்தோம். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்னாம்மா, யானைக்கு செருப்பா?" என்றார். இறுக்கிக் கட்டியிருந்த வார்களை ஊசியால் நெம்பி நெம்பித் தளர்த்தினார். ஒரு பிடி மெழுகைத் தேய்த்து இரண்டு பக்க மடிப்பையும் முழங்காலில் வைத்து மடக்கினார். முதல் தடவையாக அது லேசாக இளகியது. நீ அந்த மனிதரின் முதுகில் தட்டிக்கொடுத்தாய்.

சாப்பிடப் போனோம். நீ இலையில் சோற்றை ஒதுக்கி ஒதுக்கி வைத்தாய். எலுமிச்சைத் தண்ணீர் மட்டும் குடித்தாய்.

"பல்லு இன்னும் வலிக்குதா?"

"காலைல டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பாத்தாங்க. பல்லுல ஒன்னுமே இல்லையாம்," என்றாய்.

"அப்பாடா," என்றேன்.

நீ பொய் சொல்லவில்லை. பல்லில் ஒன்றும் இல்லைதான். டாக்டர் சொன்னதில் முதல் பாதியை மட்டும் எனக்குக் கொடுத்தாய். மறுபாதி உன் கைப்பையிலேயே இருந்தது. நான் நிம்மதியாக இரண்டாவது தடவை ரசம் வாங்கிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மழை. மிட்டுக்குள் பந்தை வைத்துக் கட்டி, அதன்மேல் உட்கார்ந்தே டிவி பார்த்ததாகச் செய்தி அனுப்பினாய். சனிக்கிழமை காலை வெயில் வந்தது. நூற்றைம்பது பந்து. ஏறக்குறைய எண்பதாவது பந்தில் சத்தம் மாறியது. அதுவரை பலகையில் அடித்ததுபோல இருந்த சத்தம், நன்றாக ஆழமாக, நிறைவாக வந்தது. நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தோம்.

"கேட்டியா?" என்று அங்கிருந்து கத்தினாய். "கேட்டியாடி? வந்திருச்சு!"

உனக்கு அப்போது நாற்பத்தொரு வயது. படிவம் இரண்டு பெண் மாதிரிக் குதித்தாய். பிறகு இடது கையை இரண்டு மூன்று தடவை உதறிக்கொண்டாய். நீ பந்து வீசுவது வலது கையால். இடது கை ஏன் வலிக்கவேண்டும் என்று நான் அந்த நிமிடமே கேட்டிருக்கலாம். சத்தம் வந்த சந்தோஷத்தில் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை இதுவரை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. மூன்றாவது சுற்று. ஷா ஆலாம் அணியின் நல்ல அடிக்காரி மட்டையோடு நின்றாள். உனக்குத் தாழ்வான பந்துக்குச் சைகை காட்டினேன். நீ தலையாட்டினாய். கை ஒரு முழு வட்டம் சுற்றியது. மட்டை காற்றை வெட்டியது. பந்து வந்து மிட்டில் உட்கார்ந்தது, மிட் தானாக மூடிக்கொண்டது. நான் மூடவில்லை. ஆறு நாளில் முதல் தடவையாக அது எனக்காகக் காத்திருக்காமல் தானே மூடிக்கொண்டது. பின்னால் நடுவர் "ஸ்ட்ரைக்" என்று கத்தினார். நான் கையைத் தூக்கி அந்த மிட்டைப் பார்த்தேன். எவ்வளவு அழகாகப் பிடித்திருக்கிறது என்று பார்த்தேன்.

பிறகு பந்தைத் திருப்பி எறிய நிமிர்ந்தேன். அங்கே எறிய ஆள் இல்லை.

நீ தரையில் கிடந்தாய். தடுக்கி விழுந்துவிட்டாய் என்று நினைத்தேன். எழுந்திருப்பாய் என்று நின்றேன். எதிர் அணியில் நர்ஸ் வேலை பார்க்கும் ஒரு பெண் என்னைத் தாண்டி ஓடினாள். அவள் ஓடிய வேகத்தைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது. அவள் உன் மார்பில் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டே இருந்தாள். வாய்விட்டு எண்ணினாள். யாரோ ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள். நான் உன் தலைமாட்டில் மண்டியிட்டு உன் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தேன். உன் கன்னத்தைத் தொட்டேன். கையால் இல்லை, மிட்டால். அதைக் கழற்றவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளியே வந்து ஸ்டீபனிடம் பேசி, ஸ்டீபன் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த பிறகு, ஒரு நர்ஸ் என் பக்கத்தில் வந்து, "அக்கா, அத கழட்டிடுங்க," என்றாள். அப்போதுதான் பார்த்தேன். பந்து இன்னும் அதற்குள்ளேயே இருந்தது.

மாரடைப்பு என்றார்கள். உனக்கு. இரண்டு மாடிப் படியை என்னைவிட வேகமாக ஏறுகிறவளுக்கு.

உன் அடக்கத்தன்று மாதா கோயில் வாசலில் வந்தவர்களுக்கெல்லாம் ஸ்டீபன் ஒரே வாக்கியத்தைச் சொன்னார். "ஒரு அறிகுறியும் இல்லைங்க. திடீர்னு." ஷெரின் பக்கத்தில் நின்றிருந்தாள். அவளிடமும் அதையேதான் சொல்லியிருந்தார். நான் கூட்டத்தோடு நின்று தலையாட்டினேன். புல்லில் வேர்த்து உட்கார்ந்திருந்த உன் முகம் என் கண்ணுக்குள் இருந்தது. இன்னும் நாப்பது இருக்கு. இன்னும் நாப்பது இருக்கு. நான்தான் உன்னைக் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். வாயைத் திறக்கவில்லை.

நாலாவது வாரம், என் வீட்டில் அணியின் பொருள்பையைச் சுத்தம் செய்யும்போது உன் கைப்பை அகப்பட்டது. அந்தக் குழப்பத்தில் யாரோ அள்ளிப் போட்டிருக்கிறார்கள். திருப்பிக் கொடுக்கலாம் என்று எடுத்தேன். பக்கவாட்டு உறையில் ஒரு கவர் நீட்டிக்கொண்டிருந்தது, ஒட்டாத கவர். உன் பல் டாக்டரின் முத்திரை. வியாழக்கிழமை தேதி. பல்லில் கோளாறு இல்லை, உழைக்கும்போது தாடை வலியும் வேர்வையும் வருகிறது, இருதயத்தைச் சோதிக்கவேண்டும், இன்றே பார்க்கவும் என்று ஆஸ்பத்திரிக்கு எழுதியிருந்தது. 'இன்றே' என்பதற்குக் கீழே இரண்டு கோடு.

ஸ்டோர் அறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உனக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு எதிரே இலையில் சோற்றை ஒதுக்கிக்கொண்டிருந்தபோது இந்தக் கடிதம் உன் மடியில் இருந்திருக்கிறது. தெரிந்துகொண்டே சனிக்கிழமை நூற்றைம்பது பந்து வீசினாய். ஒரு தோல் துண்டுக்காக. எட்டு வருடமாகத் தோற்ற ஒரு ஆட்டத்துக்காக. அன்றுவரை என்மேல் இருந்த கோபம் முழுக்க உன்மேல் திரும்பியது. செத்துப்போனவளைச் சத்தம்போட்டுத் திட்டினேன். அம்மா பயந்துபோய் எட்டிப் பார்த்தார்.

கைப்பையை மட்டும் ஸ்டீபனிடம் சேர்த்தேன். கடிதத்தை என்னிடமே வைத்துக்கொண்டேன். "ஒரு அறிகுறியும் இல்லைங்க" என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அந்த மனிதர் நின்றுகொண்டிருந்தார். அதை எப்படிப் பிடுங்குவது? நாலு வாரம் அலுவலக மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். கடைசியில் அதைக் காருக்குக் கொண்டுவந்து, மறைவாக வைத்துக்கொண்டு திரிந்தேன்.

போன ஞாயிறு அந்தப் பெண் கேட்ட கேள்விக்குப் பிறகு காரில் உட்கார்ந்திருந்தேன் என்றேனே, அங்கிருந்து வீட்டுக்குப் போகவில்லை. நேராகக் காப்பாருக்கு ஓட்டினேன்.

ஸ்டீபன் கதவைத் திறந்தார். இளைத்திருந்தார். ஷெரின் அறையில் படித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். உன் சமையலறை மேசையில் உட்கார்ந்தோம். நான் எந்த முன்னுரையும் சொல்லவில்லை. "ஸ்டீபன், இது அவ பையில இருந்துச்சு. நான் ஒளிச்சு வச்சிருந்தேன். மன்னிச்சிடுங்க," என்று கவரை முன்னால் வைத்தேன்.

அவர் பிரித்தார். ஒரு தடவைதான் படித்தார். மடித்து, அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியும் கலா."

கவரிலிருந்து நிமிர்ந்து அவரைப் பார்த்தேன்.

"வியாழக்கிழமையே வந்து சொன்னா. இப்பவே கெளம்புன்னேன். ஞாயித்துக்கிழமை முடியட்டும், திங்கக்கிழமை மொத ஆளா போறேன்னா. எனக்கும் அந்த வாரம் ஷிஃப்டு மாத்த முடியல. சரி, திங்கக்கிழமை நான் லீவு போட்டுக் கூட்டிட்டுப் போறேன்னேன். நான்தான் சரின்னு சொன்னேன் கலா." கடிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "ஒன்கிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டா. 'கலாவுக்குத் தெரிஞ்சா ஆட்டத்தையே நிறுத்திடுவா, நாலு நாளா கை வீங்கி மிட்டு பழக்கியிருக்கா'ன்னா. அவ போனதுக்கப்புறமும் அந்தச் சத்தியத்தத்தான் காப்பாத்திக்கிட்டு இருந்தேன். ஒனக்குத் தெரிஞ்சா, ஒன் மிட்டாலதான் போயிட்டான்னு நீ நெனப்பேன்னு."

ஆக, நான் அவரைக் காப்பாற்றுவதாக நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவர் என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து மூடிக்கொண்டிருந்தார். நீ எங்கள் இரண்டு பேர் வாயையும் கட்டிப்போட்டுவிட்டுப் போயிருக்கிறாய். எனக்கு வந்தது அழுகையில்லை. அது என்னவென்று இப்போதும் தெரியவில்லை.

"அறிகுறி ஒன்னுமே இல்லன்னு சொன்னீங்களேப்பா."

ஷெரின் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. ஸ்டீபன் எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நாங்கள் இரண்டு பேரும் கதவைத் தட்டத் தைரியம் இல்லாமல் உட்கார்ந்திருந்தோம். ஒரு கால்மணி நேரம் கழித்து, முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். எனக்கு எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கலா ஆன்டி, திங்கக்கிழமைல இருந்து சொல்லுங்க. எதையும் விடாதீங்க."

சொன்னேன். குழவி, கிராம்பு எண்ணெய், புல்லில் நீ உட்கார்ந்தது, இன்னும் நாப்பது இருக்கு என்று நான் சொன்னது. அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பிரிக்பீல்ட்ஸ், சனிக்கிழமை வந்த சத்தம். கடைசியில் அந்தப் பந்து.

"ஒங்க அம்மா விழுந்தப்ப நான் பாக்கல ஷெரின். எதிர்லதான் இருந்தேன். என் வேலையே அவளப் பாக்கறதுதான். நான் மிட்டப் பாத்துக்கிட்டு இருந்தேன். ரெண்டு செகண்டு, மூனு செகண்டு. நல்லா புடிச்சிருச்சேன்னு சந்தோஷமா பாத்துக்கிட்டு இருந்தேன்."

அவள் மேசை விரிப்பின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தாள். உன்னைப்போல அவளும் யோசிக்கும்போது கீழுதட்டைக் கடிக்கிறாள்.

"அம்மாவும் அதத்தான் பாத்துருப்பாங்க ஆன்டி," என்றாள். "பிட்சர் எப்பவும் மிட்டத்தான பாப்பாங்க."

ஸ்டீபன் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். நான் ஷெரினின் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து அழுதது அதுதான் முதல் தடவை என்று பிறகு அவள் சொன்னாள்.

அவள் சொன்னது எனக்கு ஆறுதலா என்று கேட்காதே. எனக்குத் தெரியாது. காலையில் பல் துலக்கும்போது, துறைமுக வாசலில் லோரிக்குப் பின்னால் காரை நிறுத்திக் காத்திருக்கும்போது, அந்த இரண்டு மூன்று வினாடி திரும்பத் திரும்ப வருகிறது. முன்பு அதில் நான் மட்டும் இருந்தேன், தலையைக் குனிந்து மிட்டைப் பார்த்துக்கொண்டு. இப்போது நீயும் இருக்கிறாய், நாற்பதடி தள்ளி நின்று அதையே பார்த்துக்கொண்டு. அவ்வளவுதான் மாறியிருக்கிறது. அது கொஞ்சமா, அதிகமா என்று சொல்லத் தெரியவில்லை.

ஒரு செய்தி. இந்த இருதயக் கோளாறு உன் குடும்பத்தில் இருக்கலாம், மகளையும் சோதித்துவிடுங்கள் என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லி எத்தனையோ வாரம் ஆகிறது. ஸ்டீபனுக்குப் பயம், தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறார். நாளை வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்குப் போகிறோம். நான்தான் கார் ஓட்டுகிறேன். எனக்கும் ஒரு சீட்டு எடுத்திருக்கிறார்கள். ஷெரின் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள், "நீங்களும் பாத்துக்கணும் ஆன்டி, இல்லன்னா நான் வர மாட்டேன்," என்று. உன் பிடிவாதம்.

அணியிலும் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். தாடை வலி, வேர்வை, இடது கை, அந்தக் கடிதத்தில் இருந்த இரண்டு கோடு. நீ ஏன் மறைத்தாய் என்று கேட்பார்கள். எனக்காக என்று சொன்னால் நான் நொறுங்கிவிடுவேன். ஆட்டத்துக்காக என்று சொன்னால் உன்னை முட்டாள் என்பார்கள். தெரியவில்லை என்றே சொல்லப்போகிறேன். அதுதான் உண்மையும்.

உன்மேல் எனக்கு இன்னும் கோபம். சின்னக் கோபம் இல்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே என்று காலையில் எழுந்ததும் வரும் கோபம். எல்லாரும், விட்டுவிடு, போனவளிடம் என்ன கோபம் என்கிறார்கள். நான் விடமாட்டேன். உன்னிடம் எனக்கு மிச்சமிருக்கும் சண்டை இது ஒன்றுதான். இது தீர்ந்துவிட்டால் உன்னிடம் பேச எனக்கு வேறு என்ன இருக்கிறது?